நிற்கச் சொல்லும் கல்

மேஸ்திரி அன்றைக்குக் கக்கத்தில் ஒரு மஞ்சள் டைலை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆள் மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தார். முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை.

"ஏங்க, ஊர்ல எல்லாரும் வேலை முடிஞ்சு வரும்போது காய்கறி வாங்கிட்டு வருவாங்க. நீங்க கல்லைத் தூக்கிட்டு வர்றீங்க. இதை என்ன, வேக வெக்கணுமா?" என்றாள் அக்கா.

"வாயை மூடிட்டுப் பாருடி. பார்க்ல போடுற டைல். சும்மா டைல் இல்ல, ஸ்பெஷல்."

தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். சொந்தத் தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. சைக்கிள் கடைக்கு மேலே, குறுகலான இரும்புப் படியில் ஏறிப் போனால் அவர்கள் அறை. ஒரே அறைதான். நடுவில் கொடி கட்டிப் பழைய போர்வையைத் தொங்கவிட்டு இரண்டாக்கியிருந்தார்கள். ஜன்னல் பக்கத்துப் பாதியில் அக்கா சட்டைக் கம்பெனி மூட்டையைப் பிரித்துப் போட்டுப் பொத்தான் தைப்பாள். சுவர்ப் பக்கத்துப் பாதியில் தம்பி இருந்தான். உட்கார்ந்திருந்தான், படுத்திருந்தான் என்றெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தான், அவ்வளவுதான்.

அவன் மேஸ்திரியிடம்தான் வேலை கற்றுக்கொண்டான். கை சுத்தமான பையன், இன்னும் கொஞ்ச நாளில் தனியாக வேலை எடுத்துச் செய்வான் என்று மேஸ்திரியே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஒரு புது வீட்டில் தரையில் ஒட்டியிருந்த சிமெண்டுக் கறையை ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். கேனின் மூடி இறுகிக் கிடந்தது. "என்னடா அங்க, ஒரு மூடியைத் திறக்க இவ்வளவு நேரமா?" என்று அடுத்த அறையிலிருந்து மேஸ்திரி சத்தம் போட்டார். தம்பி கேனை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக் குனிந்து, முழுப் பலத்தையும் போட்டுத் திருகினான். மூடி பிய்த்துக்கொண்டு வந்தது. கேனில் இருந்தது முகத்துக்கு வந்தது.

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே அறையில் தூங்கினார்கள், ஒரே பானையில் சாப்பிட்டார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றும். இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி உத்தியோகம் அவளுக்கு. "அவன் சாப்பிட்டானா கேளு." "மாமாவுக்குக் காய்ச்சலாக்கா, இருமுறாரு?" கேட்பவனும் கேட்கப்படுகிறவரும் போர்வைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பார்கள்.

போன வருடம் அழுது அடம்பிடித்து அவனைப் பார்வையற்றோர் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டாள். வெள்ளைக் கோல் பிடித்து நடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்தவன் கோலைக் கதவுக்குப் பின்னால் சாத்தியதோடு சரி. "தெருவுல இருக்கறது பள்ளமும் பைக்கும்தான். இந்தக் குச்சியை வெச்சுக்கிட்டு யாரைக் குத்தறது?" என்றான்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. யார் கையையும் பிடிக்காமல் அவன் ஒரு தடவையாவது வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். அவன் பிழைத்துப் பெரிய ஆளாக வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும் என்பதையெல்லாம் அவள் எப்போதோ மூட்டை கட்டி வைத்துவிட்டாள். போய்த் திரும்பி வந்தால் போதும். தனியாக.

அதனால்தான் மேஸ்திரி டைலைத் தரையில் வைத்து, "கண்ணு தெரியாதவங்க காலால தடவிக்கிட்டே நடக்கறதுக்காம். பார்க் கேட்லேர்ந்து குளம் வரைக்கும் இதுதான். நான்தான் போடறேன்" என்று சொன்னபோது, அவள் கையிலிருந்த ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு எழுந்தாள். டைலை எடுத்துப் போர்வையை விலக்கித் தம்பியின் மடியில் வைத்தாள்.

தம்பி இரண்டு கையாலும் தடவினான். தலையைச் சாய்த்து, விரல் நகத்தால் ஒரு மேட்டைச் சுரண்டினான்.

"இது புள்ளி டைல்" என்றான். "நிலையத்துல இருந்துச்சு. இது நில்லுன்னு சொல்ற கல்லுக்கா."

"கல்லு எங்கடா சொல்லும்?"

"கோடு கோடா இருந்தா போன்னு அர்த்தம். புள்ளி இருந்தா நில்லு. முன்னாடி படி இருக்கு, வளைவு இருக்கு, ரோடு இருக்கு, பாத்துக்கோன்னு அர்த்தம்."

 போர்வைக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி சட்டையைப் பாதி கழற்றியபடி நின்றுவிட்டார். யாரிடமோ கேட்பதுபோல, "ரெண்டும் வேற வேறயா?" என்றார்.

"ஏங்க, என்னங்க பண்ணி வெச்சீங்க?"

"லாரியில ரெண்டு தினுசு வந்து இறங்குச்சு. இது பாதி, அது பாதி. எதை எங்க போடணும்னு எவனும் சொல்லல. நான் அழகா இருக்கட்டுமேன்னு ஒண்ணு விட்டு ஒண்ணு வெச்சுட்டேன். கோடு, புள்ளி, கோடு, புள்ளி. வளைவுல புள்ளி டைலை வெட்டிப் பூ மாதிரி ஒரு டிசைன்கூடப் போட்டேன். இன்ஜினியர் போட்டோ எடுத்துட்டுப் போனாரு."

தம்பிக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறான் என்று அக்கா பதறிப்போய்க் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"போ, நில்லு, போ, நில்லு... அந்தப் பாதையில நான் நடந்தா கேட்லேர்ந்து குளத்துக்குப் போறதுக்குள்ள எனக்குத் தாடி முளைச்சுடும் மாமா."

மாமா என்று அவன் நேராகக் கூப்பிட்டதை மூன்று பேரும் கேட்டார்கள்.  மேஸ்திரி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் முட்டைத் துண்டுகளை விரலால் நகர்த்தி வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பார்க்குக்கே போனாள். பார்க் என்று பெயரே தவிர, இன்னும் சேறும் செங்கல்லுமாகத்தான் கிடந்தது. புதிதாக நட்ட செடிகள் மழையில் தலை சாய்ந்து கிடந்தன. கேட்டிலிருந்து பெரிய மரம் வரை ஒரு பாதை, அங்கே திரும்பிக் குளம் வரை ஒரு பாதை. குளம் என்பது ஆள் உயரத்துக்குத் தோண்டிக் கான்கிரீட் போட்ட தொட்டி. அதற்கு மேலே ஒரு பாலம் வரப்போவதாகப் பலகையில் படம் வரைந்து வைத்திருந்தார்கள்.

மேஸ்திரி காண்ட்ராக்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். காண்ட்ராக்டர் குடைக்குள் இருந்தார், மேஸ்திரி மழையில்.

"மாத்திப் போடறதா? எதுக்குய்யா? ஜம்முனு இருக்குது."

"இல்லீங்க, கண்ணு தெரியாதவங்க நடந்தா குழப்பம் ஆயிடும்."

"எவன் வந்து அதைக் காலால படிக்கப் போறான்? டெண்டர்ல மஞ்சள் டைல்னு இருக்கு, மஞ்சள் டைல் போட்டாச்சு. அடுத்த மாசம் திறப்பு விழா. நீ என்னடான்னா போட்டதைப் பேக்கணுங்கற. உனக்கு எவனாவது செய்வினை வெச்சுட்டானா?"

"என் மச்சினனுக்குக் கண்ணு தெரியாதுங்க."

காண்ட்ராக்டருக்கு அது தெரியும். அந்தப் புது வீட்டு வேலையும் அவருடையதுதான். குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"சரி, லீவு நாள்ல வந்து உன் சொந்த வேலையா செஞ்சுக்க. என் ஆளுங்களைத் தொடாத. ஒரு டைல் உடைஞ்சாலும் உன் தலையிலதான் விடியும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனார்கள். தம்பி இரும்புப் படியில் இறங்கும்போது அக்காவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தெருவில் சைக்கிள் கடைக்காரர், "அடடே, ராஜா ஊர்வலம் கிளம்பிடுச்சு!" என்றார். தம்பி குரல் வந்த பக்கம் கையை ஆட்டினான்.

பார்க் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே யோசித்தார். "லீவு நாள்ல குடும்பத்தோட வந்து தரையைத் தோண்டறீங்க. புதையல் கிதையல் இருக்கா? இருந்தா எனக்கும் பங்கு."

"புதையல் கிடைச்சா உனக்குப் பாதி, போலீஸ் வந்தா உனக்கு முழுசு. கேட்டைத் திற" என்றார் மேஸ்திரி.

ஈரத்தில் கலவை இன்னும் சரியாக இறுகியிருக்கவில்லை. உளியை விளிம்பில் கொடுத்து மெல்லத் தட்டினால் டைல் முழுசாக எழும்பி வந்தது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கலவை குழைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இதே மேஸ்திரியிடம் சித்தாள். "அன்னிக்கு இவ கலவையில தண்ணி ஜாஸ்தின்னு திட்டினேன். இன்னி வரைக்கும் பழி வாங்கிட்டிருக்கா" என்று அவர் யாரிடமென்று இல்லாமல் சொன்னார். "இன்னிக்கும் தண்ணி ஜாஸ்திதான் மாமா, சத்தத்துலயே தெரியுது" என்றான் தம்பி. அக்கா ஒரு கை கலவையை எடுத்து அவன் முதுகில் அப்பினாள்.

கோட்டு டைல் பாதிதான் இருந்ததால் இரண்டு டைல் அகலப் பாதையை ஒரு டைல் அகலமாக்கினார்கள். பக்கத்தில் விட்டுப்போன இடத்தைக் குப்பையில் கிடந்த சாம்பல் நிறத் துண்டுகளால் அடைத்தார்கள். மேஸ்திரி நூல் கட்டி, மட்டம் பார்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டி வைத்துக்கொண்டே போக, தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே நடந்து பார்த்தான். அவன் பாதங்கள் வெளுத்து, சின்னப் பிள்ளையின் பாதம் மாதிரி மெத்தென்று இருப்பதை அக்கா அப்போதுதான் கவனித்தாள். வெயில் படாத பாதங்கள்.

"இங்க ஒரு டைல் தூக்கிக்கிட்டு இருக்கு."

"எங்க?"

"என் கட்டை விரலுக்குக் கீழ."

மேஸ்திரி குனிந்து அந்த விரலுக்குக் கீழே தட்டினார். மரத்தடி வளைவில் பூ டிசைனைப் பிய்த்தெடுத்துவிட்டுப் புள்ளி டைலைச் சதுரமாக வைத்தார். அந்தப் பூவை உடைக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினார். குளத்தங்கரையில் கடைசி இரண்டு வரிசையும் புள்ளி.

"மாப்ள, நல்லா மனசுல வெச்சுக்க. இங்க புள்ளி வந்தா நில்லு. அதுக்கு அப்புறம் பாலம். பாலத்துல பாலிஷ் கல்லு போடப்போறாங்க, கால்ல வழவழன்னு இருக்கும். கோலை நீட்டிப் பாரு, ரெண்டு பக்கமும் கம்பி தட்டும். கம்பியைப் புடிச்சுக்கிட்டு அந்தாண்ட போனா வரிசையா பெஞ்சு."

"புள்ளி, அப்புறம் வழவழ, அப்புறம் பெஞ்சு" என்று தம்பி திருப்பிச் சொன்னான், பாடம் ஒப்பிப்பதுபோல.

சாயங்காலம் மழை வலுத்தது. மூன்று பேரும் வாட்ச்மேன் கூண்டில் ஒண்டிக்கொண்டு, ஒரு பாக்கெட் ரொட்டியைப் பிரித்துத் தேநீரில் நனைத்துத் தின்றார்கள். மாமனும் மாப்பிள்ளையும் எந்தக் கடைச் சிமெண்டு நல்லது என்று காரசாரமாகச் சண்டை போட்டார்கள். அக்காவுக்கு அந்தச் சண்டை முடியவே கூடாதென்று இருந்தது.

அடுத்து வந்த லீவு நாளில் மிச்ச வேலையையும் முடித்தார்கள். மறுநாள் காண்ட்ராக்டர் மேஸ்திரியை வேறொரு கட்டடத்தில் குளியலறை டைல் போட அனுப்பிவிட்டார். பார்க்கில் அவருக்கு இனி வேலை இல்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காண்ட்ராக்டரின் ஆள் வந்து படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தான். "அக்கா! நாளைக்கு உங்க தம்பியைக் கூட்டிட்டு வரணுமாம். மஞ்சள் பாதையில நடக்கறதை டிவிக்காரங்க எடுப்பாங்களாம். நல்ல சட்டையா போட்டுட்டு வரச் சொன்னாரு."

அக்கா இருக்கிற சட்டைகளில் நல்லதை எடுத்து, பொத்தான்களை எல்லாம் ஒருமுறை இழுத்துப் பார்த்து, தேய்த்து வைத்தாள். மேஸ்திரியும் வருவதாக இருந்தார். ஆனால் காலையிலேயே குளியலறைக்கார வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. "நீங்க போங்க. நான் ஒரு மணி நேரத்துல கழண்டுக்கிட்டு வந்துடறேன்" என்றார். படியிறங்கியவர் திரும்பி மேலே பார்த்து, "மாப்ள, கேமராவைப் பாத்துச் சிரி" என்றார்.

"எந்தப் பக்கம் இருக்குன்னு கேமராவைக் கத்தச் சொல்லுங்க மாமா" என்றான் தம்பி.

பார்க் வாசலில் பந்தல், நாற்காலி, பேண்டு வாத்தியம். வானம் மூடிக் கிடந்தாலும் மழை இல்லை. பெரிய மனிதர்கள் எல்லாம் முன்பே உள்ளே போய்விட்டார்கள். கேட்டில் ஒரு அதிகாரி தம்பியைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க தம்பி, நான் கூட்டிட்டுப் போறேன்."

"கை வேண்டாம் சார். பாதை இருக்கு" என்றான் தம்பி.

அக்காவும் முழங்கையைத் தொட்டாள். அவன் அதையும் மெதுவாக விலக்கினான்.

"நீ கையைப் புடிச்சா அப்புறம் டைல் எதுக்குக்கா? மாமா மழையில கிடந்து போட்டது. நீ இங்கயே நில்லு. நான் போய்ட்டு வந்துடறேன்."

போய்ட்டு வந்துடறேன். அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். அக்கா கேட்டிலேயே நின்றாள்.

செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். முதலில் கோல் கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் கால் கோட்டைப் பிடித்துக்கொண்டது. முதுகு நிமிர்ந்தது. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள், யாரோ கை தட்டினார்கள், கேமராக்காரன் பின்னோக்கி நடந்தபடியே படமெடுத்தான். மரத்தடியில் புள்ளி வந்ததும் தம்பி நின்றான். கோலால் தடவினான். சரியாகத் திரும்பினான். "நம்ம பையன் கில்லாடிக்கா!" என்றார் வாட்ச்மேன். அக்கா குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக வைத்த செடி வேலி மறைத்தது. அவன் தலை மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் கூட்டத்தில் மறைந்தது.

பாலத்துக்கு இரும்பு வந்து சேரவில்லை என்பதும், அதனால் பாலத்தையே விட்டுவிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. பாலம் வரவேண்டிய இடம் வெறுமையாகத் தெரியக்கூடாதென்று, கரையோரத்தில் இருந்த இரண்டு வரிசைப் புள்ளி டைலையும் பெயர்த்துவிட்டு, விருந்தினர் நின்று தண்ணீரில் பூத்தூவ வசதியாகப் பளபளப்பான கல்லைப் பதித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் திரைச்சீலை போட்ட கல்வெட்டு. மேஸ்திரி அந்த நேரம் யாரோ ஒருவருடைய குளியலறையில் தண்ணீர் ஓடச் சரிவு பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

கோடு முடிந்தது. காலுக்குக் கீழே வழவழப்பு வந்தது. புள்ளியைத்தான் தவறவிட்டுவிட்டோம், பாலத்துக்கே வந்துவிட்டோம் என்று தம்பி நினைத்தான். கம்பி தட்டுகிறதா என்று கோலை இரண்டு பக்கமும் நீட்டினான். ஒரு பக்கம் கல்வெட்டில் தட்டியது. அதுதான் கம்பி என்று கையை நீட்டிக்கொண்டு காலை எடுத்து வைத்தான். எதிரே கேமராக்காரன் குளத்தைச் சுற்றி ஓடிப்போய் அந்தக் கரையிலிருந்து, "வாங்க, வாங்க, அப்படியே வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கை தட்டல் சத்தம் நடுவில் அறுந்ததைத்தான் அக்கா கேட்டாள்.

அவள் போய்ச் சேரும்போது இரண்டு பேர் குளத்தில் இறங்கியிருந்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அடியில் கான்கிரீட். மேலே பூக்கள் மிதந்தன. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "கோலு எங்க? கோலு எங்க?" என்றே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

மேஸ்திரி வரும்போது ஆம்புலன்ஸ் போய்விட்டது. அவர் நேராகக் குளத்தங்கரைக்குப் போய்க் குனிந்து, அந்தப் பளபளப்பான கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தார் என்று வாட்ச்மேன் பின்னால் சொன்னார்.

இடுப்பிலும் தொடையிலும் முறிவு. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். அக்கா வார்டுத் தரையில் படுத்துக்கொண்டு, தூக்கம் வராதபோதெல்லாம் தன் வலது கையைப் பார்த்தாள். முழங்கையைத் தொட்ட கை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் அவன் கோபித்திருப்பான். கோபித்தால் என்ன?

கேட்டில் கையைப் பிடித்த அதிகாரி ஒருநாள் பழப் பையோடு வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. மேலிடத்துல கூட்டம் போட்டுப் பேசினோம். இனிமே இப்படி நடக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணியாச்சு."

"பாலம் கட்டுறீங்களா சார்?"

"பாலம் பட்ஜெட்ல இல்லம்மா. அந்த மஞ்சள் டைல் இருக்கறதாலதானே தனியா வந்துடறாங்க? அதை எடுத்துடறோம். கேட்ல போர்டும் வெக்கிறோம். துணைக்கு ஆள் இல்லாம மாற்றுத்திறனாளிகளை உள்ள விடக்கூடாதுன்னு வாட்ச்மேனுக்குக் கண்டிப்பா சொல்லியாச்சு. பாதுகாப்புதானேம்மா முக்கியம்?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  தெரிந்த வார்த்தை எல்லாம் வாயில் வைத்துப் பேச முடியாத வார்த்தையாக இருந்தது. அதிகாரி ஒரு ஆரஞ்சை எடுத்துத் தம்பியின் கையில் வைத்துவிட்டுப் போனார். தம்பி அந்த நேரம் மருந்து மயக்கத்தில் இருந்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான்கு பேர் சேர்ந்து அவனை இரும்புப் படியில் தூக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் படியில் திரும்பவில்லை. போர்வையில் கட்டித் தூக்க வேண்டியிருந்தது. சைக்கிள் கடைக்காரரும் ஒரு முனையைப் பிடித்தார். அன்றைக்கு அவரிடம் ஜோக் இல்லை. பிறகு மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நிற்க ஆரம்பித்தபோது நாலு கால் வாக்கர் கொடுத்தார்கள். அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். வெள்ளைக் கோலைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. சுவரிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சுவர். வாக்கரின் கால் தரையில் டக் டக்கென்று தட்டும். அக்கா அந்தத் தாளத்துக்குப் பொத்தான் தைத்தாள்.

மழைக்காலம் மறுபடி ஆரம்பித்த சமயத்தில், பார்க் வேலைக்கு ஆணை வந்துவிட்டது என்று காண்ட்ராக்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். மஞ்சள் டைலைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டுத் தளம் போடும் வேலை. மேஸ்திரி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு அக்காவைக் கீழே வரச் சொன்னார்.

"போக மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பசங்களை வெச்சுக் கடப்பாரையால குத்தி எடுக்கறாங்க. நான் பாத்துட்டுத்தான் வரேன். கையால வெச்ச கல்லுடி. ஒவ்வொண்ணா அவன் கால் வெச்சுப் பாத்த கல்லு."

அக்கா இரும்புக் கைப்பிடியின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களே போங்க" என்றாள் கடைசியில். "எவனோ குத்தறதுக்கு நீங்களே எடுங்க. அவன் கிட்ட மட்டும் சொல்லாதீங்க. பெஞ்சு வேலைன்னு நான் சொல்லிக்கறேன்."

அப்படித்தான் சொன்னாள். "மாமா எங்கக்கா?" என்று கேட்டால், "பார்க்ல பெஞ்சு போடறாங்களாம், அதுக்குத் தளம் போடறாரு" என்றாள். "நல்லா அகலமா போடச் சொல்லு. ஆளுங்க காலை நீட்டணும்ல" என்றான் தம்பி. இன்னொரு நாள், "என் கால் சரியானதும் ஒருதரம் அந்த மரத்தடி வரைக்கும் போய்ப் பாக்கறேன். குளம் வேணாம். மரம் வரைக்கும்தான். அதுவரைக்கும் பாதை தெரியும் எனக்கு" என்றான்.

அக்கா வாயில் வைத்திருந்த நூலை எடுக்காமலே, "ம்" என்றாள்.

வேலை முடிந்த அன்று மேஸ்திரி வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். அக்கா அரிசிக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். "தட்டை நீங்களே அவனுக்குக் குடுத்துடுங்க, எனக்கு இந்தச் சட்டையை முடிக்கணும்" என்று நீட்டினாள். மேஸ்திரி தட்டோடு போய்த் தம்பி பக்கத்தில் குந்தினார். தம்பி தட்டுக்குக் கையை நீட்டினான். தட்டுக்குப் பதில் மேஸ்திரியின் விரல்கள் அகப்பட்டன.

அவன் விடவில்லை. தட்டை மடியில் இறக்கி வைத்துவிட்டு, அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவினான். விரல் நுனிகளில் சில்லு கிழித்த கீறல்கள். உளி பிடித்த இடத்தில் உடைந்த கொப்புளம். டைல் வேலை செய்தவனுக்கு இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போடுகிற கையில் சிமெண்டு அரிக்கும். பெயர்க்கிற கையைத்தான் சில்லு கிழிக்கும்.

"பெஞ்சு வேலையில கை இப்படி ஆகாது மாமா."

 அக்காவின் ஊசி நின்றுவிட்டது.

"எவ்வளவு எடுத்தீங்க?"

"எல்லாத்தையும், மாப்ள."

"கேட்லேர்ந்தா?"

"ஆமா."

"மரத்தடி வரைக்கும் இருந்ததுமா?"

"எல்லாம்."

தம்பி கொஞ்ச நேரம் அந்தக் கொப்புளத்தைக் கட்டை விரலால் அழுத்தாமல் தொட்டுக்கொண்டே இருந்தான். வெளியே தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது.

"பாதை நல்லாத்தானே இருந்துச்சு" என்றான். "கரையில இருந்த அந்த வழவழக் கல்லுதானே தப்பு. அதை மட்டும் எடுத்துட்டுப் புள்ளியைத் திருப்பி வெச்சிருந்தா போதுமே. அதை எடுத்தாச்சா?"

"அதை எடுக்கல மாப்ள. அதைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

"கல்வெட்டு அது மேலதான் நிக்குது. திறந்து வெச்சவரு பேரு இருக்கு."

"வெறும் பேரா?"

மேஸ்திரி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாமென்று. ஆனால் தம்பி கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பேருக்குக் கீழ ஒரு வரி இருக்கு. 'மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பாதை'ன்னு."